பள்ளி எலக்ட்ரானிக்ஸ் கிட்டுக்கு அப்டேட் வந்தால் உடனே போட்டுவிட வேண்டுமா?

கேட்டிருப்பவர் ஏற்காடு மலைக்கிராமம் ஒன்றில் அறிவியல் ஆசிரியர். பள்ளியில் மைக்ரோபிட், இஎஸ்பி32 என்ற புரோகிராம் எழுதி ஓட்டும் சிறு போர்டுகளும், அவற்றில் மாட்டும் குரோவ் சென்சார்களும் இருக்கின்றன. மென்பொருளைத் திறந்தாலே அப்டேட் கேட்கிறது, கண்காட்சியும் நெருங்குகிறது, என்ன செய்வது என்கிறார். நான் சேலத்திலிருந்து மலைப்பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு இந்த கிட்டுகளைச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

கண்காட்சி முடியும் வரை எதையும் போடாதீர்கள். முடிந்த பிறகு நிதானமாகப் போடலாம், அதுவும் எல்லாவற்றுக்கும் தேவையில்லை.

அப்டேட் என்று ஒரே பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது வேறு வேறு. போர்டுக்குள் ஓடும் ஃபர்ம்வேர், கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதும் மென்பொருள், சென்சாருக்கும் போர்டுக்கும் உரிய லைப்ரரி (தயாராக எழுதிவைத்த கட்டளைகளின் தொகுப்பு), மூன்றும் தனித்தனி. இது போக, கம்பெனிகள் போர்டையே மாற்றிவிட்டு பழைய பெயரிலேயே விற்பதும் உண்டு. அதற்கு எந்த அறிவிப்பும் திரையில் வராது. பிள்ளைகளை அதிகம் குழப்புவது அதுதான்.

மைக்ரோபிட்டையே பாருங்கள். 2016இல் பிபிசி முன்னின்று பிரிட்டன் மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த போர்டு அது. 2020இல் இரண்டாம் வெர்ஷன் வந்தது. ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்தன, ரேம் 16 கேபியிலிருந்து 128 கேபி ஆனது. வெளியே மாட்டும் பொருள்களுக்கு முதல் வெர்ஷன் 90 மில்லி ஆம்பியர்தான் தரும், இரண்டாவது 190 வரை தரும். ஒரு மேசையில் எல்இடி பட்டை நன்றாக எரிகிறது, பக்கத்து மேசையில் அதே புரோகிராம், அதே பட்டை, மங்கி மங்கி எரிகிறது என்றால் உடனே அப்டேட்டைத் தேடாதீர்கள். போர்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஸ்பீக்கர் இருந்தால் இரண்டாம் வெர்ஷன். முதல் வெர்ஷனுக்குள்ளேயே 1.5 வந்தபோது அசைவை அறியும் சிப்பை மாற்றிவிட்டார்கள். அதற்கு முன் சேமித்த கோப்பை அப்படியே ஏற்றினால் போர்டைக் குலுக்கினாலும் புரோகிராம் கண்டுகொள்ளாது. மைக்ரோபிட்டுக்குப் புரோகிராம் எழுதும் மேக்கோடு மென்பொருளில் அதைத் திறந்து மறுபடி டவுன்லோட் செய்து ஏற்றினால் சரியாகிவிடும்.

அப்புறம் ஒன்று. ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே யுஎஸ்பி கேபிளை மாட்டினால் 'மெயின்டனன்ஸ்' என்ற டிரைவ் தெரியும். ஃபர்ம்வேரை மாற்றும் வாசல் அது. பிள்ளைகள் கைபட்டு அங்கே போய்விட்டு, போர்டு போய்விட்டது என்று பயப்படுவார்கள். கேபிளைக் கழற்றி, பட்டனைத் தொடாமல் மாட்டினால் போதும். நிஜமாகவே ஃபர்ம்வேர் மாற்றுவதானால் எந்த வெர்ஷன் போர்டுக்கு எந்தக் கோப்பு என்பதைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

நான் மிகவும் எச்சரிப்பது லைப்ரரி அப்டேட்டைப் பற்றித்தான். இஎஸ்பி32 போர்டை ஆர்டுயினோ என்ற புரோகிராம் எழுதும் மென்பொருளில் பயன்படுத்த ஒரு தொகுப்பு நிறுவுவோம் இல்லையா, அதன் 3.0 வெர்ஷன் 2024இல் வந்தது. எல்இடி வெளிச்சத்தையும் மோட்டார் வேகத்தையும் கூட்டிக்குறைக்க அதுவரை எழுதிவந்த இரண்டு கட்டளைகளை எடுத்துவிட்டு அந்த வேலைக்கு ஒரே கட்டளை வைத்தார்கள். நல்ல மாற்றம்தான், எழுதுவது எளிதாகிவிட்டது. ஆனால் நேற்று வரை ஓடிய மாணவரின் புரோகிராம் இன்று சிவப்பு எழுத்தாக நிற்கும். அந்தப் பிள்ளை தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகவே நினைக்கும், எனக்கு அதுதான் மனது கேட்காது. ஆர்டுயினோ மென்பொருளின் போர்ட்ஸ் மேனேஜரில் (Boards Manager) பழைய வெர்ஷனைத் தேர்ந்தெடுத்துத் திரும்பப் போட வழி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வெர்ஷன் எண்ணை கிட் பெட்டி மூடியில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். புதியதை ஒரே ஒரு லேப்டாப்பில் போட்டு, மாணவர்களின் பழைய புரோகிராம்கள் எல்லாம் ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகு மற்றவற்றுக்குப் போங்கள்.

எந்த அப்டேட்டும் தீர்க்காத சங்கதிகளும் இருக்கின்றன. காபி நாற்றங்காலுக்கு மண் ஈரம் பார்க்கும் கருவி செய்வது உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இயல்பாகவே தோன்றும். இரண்டு கால் கொண்ட மலிவான ஈர சென்சாரில் மின்சாரம் எந்நேரமும் ஓடினால் கால்கள் அரித்துப்போகும். இதற்கு கம்பெனி அப்டேட் வராது. பிள்ளைகளே புரோகிராமை மாற்றலாம்: சென்சாரின் மின்சாரத்தைப் போர்டின் ஒரு பின் (pin) வழியாகக் கொடுத்து, அளக்கும் நொடியில் மட்டும் அதை ஆன் செய்ய வேண்டும். உலோகக் கால் மண்ணில் நேராகப் படாத கெபாசிட்டிவ் வகை சென்சார் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. அதேபோல மைக்ரோபிட் காட்டும் வெப்பநிலை அதன் சிப்பின் வெப்பநிலை. ஏற்காட்டுக் குளிரை அளக்க வேண்டுமென்றால் தனி சென்சார் மாட்டுங்கள்.

அப்டேட் கோப்புகளைச் சேலத்துக்கு இறங்கும்போது டவுன்லோட் செய்து பெண்டிரைவில் எடுத்துப்போங்கள். மேகம் இறங்கி சிக்னல் திணறும் நாளில் வகுப்பு நேரம் அதற்கே போய்விடும். மைக்ரோபிட் மேக்கோடுக்கு விண்டோஸில் இணையம் இல்லாமல் ஓடும் ஆப் இருக்கிறது, அதை நிறுவிவையுங்கள். ஃபர்ம்வேர் ஏற்றும்போது லேப்டாப்பில் சார்ஜ் இருக்கட்டும், கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

அடுத்து கிட் வாங்கும்போது, கம்பெனியின் சர்வரும் ஆப்பும் இல்லாவிட்டால் இது ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள். 1998இல் தொடங்கிய லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ கிட்டையே 2022 முடிவில் நிறுத்திவிட்டார்கள். காந்தத்தால் ஒட்டும் எலக்ட்ரானிக்ஸ் பிளாக்குகளான லிட்டில்பிட்ஸ் 2019இல் ஸ்ஃபீரோ என்ற கம்பெனியின் கைக்குப் போனது. ஆனால் லிட்டில்பிட்ஸின் சாதாரண பிளாக்குகளுக்கு மென்பொருளே வேண்டாம், பேட்டரி மாட்டினால் வேலை செய்யும். அரசுப் பணத்தில் ஒரே முறை வாங்கிப் பல வருடம் ஓட்ட வேண்டிய பள்ளிக்கு, இப்படித் தனியாக நிற்கும் பிளாக்குகளும் திறந்த மென்பொருளில் ஓடும் போர்டுகளும்தான் சரி என்பது என் உறுதியான கருத்து.

கிட்டின் பெயரையும் போர்டின் பின்னால் அச்சிட்ட வெர்ஷனையும் கருத்தில் எழுதுங்கள். எதைப் போடலாம், எதை விடலாம் என்று தனித்தனியாகச் சொல்கிறேன்.