வீட்டை ஒதுக்கினால் கடன் குறையுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இரண்டு அறை அனெக்ஸ் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமி. இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 190,000 ரூபாய். வாடகை 70,000. கிரெடிட் கார்டில் 380,000 நிலுவை, வட்டி 28 வீதம். மாதம் 19,000 கட்டியும் அது குறையவே இல்லை. 2022இல் வங்கியில் அடகு வைத்த 6 பவுண் நகைக்கு 600,000 கடன், வட்டி 14 வீதம். வருடா வருடம் வட்டியைக் கட்டி மாற்றி வைக்கிறோம். சலவை இயந்திரத்துக்கு இன்னும் 7 மாதம் 11,500 படி கட்ட வேண்டும். கனடாவில் இருக்கும் மைத்துனரிடம் வாங்கிய 200,000 வேறு. 12 பேர் ஏலச் சீட்டு ஒன்றில் மாதம் 10,000 போடுகிறேன். 5 மாதம் முடிந்துவிட்டது, இன்னும் எடுக்கவில்லை. வீடு நிறையச் சாமான். வேண்டாததை விற்றுக் கடனை அடைப்போம் என்று தொடங்கினேன், மாமியோடு மனஸ்தாபம்தான் மிச்சம். எதை முதலில் செய்வது?

பதில்: இத்தனை கணக்கையும் ஒரே தாளில் எழுதி, வீட்டின் படங்கள், கார்டின் கூற்று, அடகுச்சீட்டு விவரம் எல்லாவற்றோடும் அனுப்பியிருக்கிறீர்கள். கடனில் இருக்கும் பெரும்பாலான குடும்பங்கள் செய்யப் பயப்படுகிற வேலை அது. எனக்கும் பதில் சொல்ல அதுவே வழிவிட்டது.

முதலில் ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய படங்களில் இருக்கும் சாமான் முழுவதையும் விற்றாலும் 30, 40 ஆயிரத்துக்கு மேல் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். உடுத்த சேலைக்கு விலை இல்லை. எவர்சில்வர் பாத்திரத்தை எடைக்குத்தான் எடுப்பார்கள். பிள்ளைகள் விளையாடி முடித்த சாமானை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். ஆகவே விற்பதற்காக வீட்டை ஒதுக்க வேண்டாம். என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக ஒதுக்குங்கள். இருப்பது தெரிந்தால் வாங்குவது குறையும், உங்கள் கார்டின் பிரச்சினையே அந்த வாங்குதலில்தான் இருக்கிறது.

கார்டின் மாதாந்தக் கூற்றைப் பாருங்கள். 380,000க்கு 28 வீதம் என்றால் மாத வட்டி ஏறத்தாழ 8,900. நீங்கள் கட்டும் 19,000இல் அது போக 10,000 சொச்சம் கடனின் முதல் தொகையில் கழிய வேண்டும். ஆனால் அதே மாதத்தில் சுப்பர்மார்க்கட், வீட்டுக்கு வரவழைத்த சாப்பாடு, மூன்று தவணையில் வாங்கிய பிள்ளையின் சப்பாத்து என்று 11,000, 12,000 திரும்பவும் ஏறியிருக்கிறது. கழிந்தது அப்படியே திரும்பி வந்துவிட்டது. இன்னொன்றும் கவனியுங்கள்: போன மாத நிலுவையை முழுதாகக் கட்டாதவருக்கு வட்டியில்லாக் காலம் என்ற சலுகை பொதுவாகக் கிடைக்காது. இன்று வாங்கும் பருப்புக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும்.

இப்போது குசினி அலுமாரிக்கு வருவோம். படத்தில் ஒரு தட்டு முழுக்கச் சவர்க்காரம், மெழுகுதிரி, பால்மாப் பைக்கற்று. கீழே மூன்று வகை அரிசி. இது உங்கள் ஒருவர் வீட்டுக் கதை இல்லை. 2022இல் காஸுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றவர்கள் நாங்கள். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பின் விலைவாசி முந்தைய வருடத்தை விட ஏறக்குறைய 70 வீதம் ஏறியிருந்தது. கண்ட இடத்தில் வாங்கி வைக்கும் பழக்கம் அன்று தேவையாகத்தான் இருந்தது. மாமி அதை இன்னும் விடவில்லை என்றால் அவர் மேல் பிழை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சாமானைத் திகதி பார்த்து வெளியே எடுத்து அடுக்கி, தீரும் வரைக்கும் புதிதாக வாங்காமல் இருந்து பாருங்கள். உங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்குச் சவர்க்காரம், சலவைத்தூள், பருப்பு, தேயிலை எதுவும் வாங்கத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். கார்டில் ஏறும் தொகையில் பாதிக்கு மேல் அங்கேயே நின்றுவிடும். பழைய சாமானை விற்றுக் கிடைக்கும் காசு ஒருமுறைதான் வரும், இது மாதாமாதம் மிஞ்சும்.

அடுத்தது பல்கனியில் நிற்கும் பழைய ஃபிரிட்ஜ். தண்ணீர்ப் போத்தலும் தேங்காய்ப்பாதியும் வைக்க ஒரு ஃபிரிட்ஜ் 24 மணி நேரமும் ஓடுகிறது. பழையது ஒன்று மாதம் 40, 50 யூனிட் இழுப்பது சாதாரணம். எங்கள் கரண்ட் பில் படிமுறையில் போடப்படுகிறது. யூனிட் கூடக்கூட யூனிட்டின் விலையும் ஏறும், நிலையான கட்டணமும் ஏறும். மேலே ஏறிய அந்த 50 யூனிட்தான் பில்லில் ஆக விலை கூடியது. இன்றைக்கே பிளக்கைக் கழற்றி, அடுத்த பில்லைப் போன மாதத்துப் பில்லோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு திருத்துகிற கடைக்காரர் என்ன விலை சொன்னாலும் கொடுத்துவிடலாம். விலை பேசிக்கொண்டு இன்னும் ஆறு மாதம் வைத்திருக்க வேண்டாம்.

மற்றச் சாமான்களுக்கு அதிக நேரம் செலவழிக்காதீர்கள். பழைய பத்திரிகை, போத்தல், உடைந்த பிளாஸ்டிக் எல்லாம் போத்தல் பேப்பர்காரருக்கு. பிள்ளையின் பாடப் புத்தகங்களை அடுத்த வகுப்புப் பிள்ளைக்குக் கொடுங்கள். கதைப் புத்தகங்களை மருதானையில் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். போன், தையல் மெஷின் போன்றவற்றை இக்மன் விளம்பர இணையத்தளத்தில் போடுங்கள். வாங்க வருபவர் காசு அனுப்புவதாகச் சொல்லி உங்கள் கார்ட் இலக்கமோ போனுக்கு வரும் ஓடிபி இலக்கமோ கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். காசு பெறுவதற்கு அது எதுவும் தேவையில்லை. பித்தளைக் குத்துவிளக்கை மட்டும் அவசரத்தில் எடைக்குப் போட வேண்டாம், விற்ற விலையில் அதைத் திரும்ப வாங்கவே முடியாது. எது விற்றாலும் அந்தக் காசை அன்றைக்கே கார்டுக் கணக்கில் கட்டுங்கள். பேர்ஸில் ஒரு இரவு தங்கினால் அது மரக்கறிக் காசாகிவிடும்.

இனி உண்மையான காசு இருக்கும் இடத்துக்கு வருகிறேன். வீட்டில் அடைந்து கிடக்கும் சாமான்களில் ஆக விலையுயர்ந்தது உங்கள் வீட்டிலேயே இல்லை, வங்கியின் பெட்டகத்தில் இருக்கிறது. 600,000க்கு 14 வீதம் என்றால் வருடம் 84,000. இதே வீதம் என்றே வைத்துக்கொண்டாலும் மூன்று வருடத்தில் 252,000 கட்டியிருக்கிறீர்கள். ஒருநாள்கூடக் கழுத்தில் போடாத நகைக்குக் கட்டிய வாடகை அது.

உங்களிடம் இரண்டு அடகுச்சீட்டு இருக்கிறது. ஒன்றில் 2 பவுண் காப்புச் சோடி, 200,000. மற்றதில் 4 பவுண் சங்கிலியும் அட்டியலும், 400,000. இந்தக் கடன் தரப்பட்டது 2022இன் தங்க விலையில். அதற்குப் பிறகு தங்கம் எங்கே போய் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதனால் ஒரு நகையை விற்றால் அதன் கடனும் தீர்ந்து, மிஞ்சும் காசு மற்றச் சீட்டையும் பெருமளவு குறைக்கும். எல்லாவற்றையும் காப்பாற்றப் போய் எல்லாவற்றுக்கும் வட்டி கட்டுவதை விட, காப்பைக் கொடுத்துச் சங்கிலியையும் அட்டியலையும் வீட்டுக்குக் கொண்டுவருவது மேல் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அட்டியல் உங்கள் அம்மாவுடையது என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் காப்பைச் சொல்கிறேன்.

செய்யும் முறை இது. செட்டியார் தெருவில் குறைந்தது மூன்று கடையில், அன்றைய 22 காரட் விலையைக் கேட்காமல், பழைய நகையை எடுக்கும் விலையைக் கேளுங்கள். இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் உண்டு. செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது. ஒரு பவுண் 8 கிராம், ஆனால் தேய்ந்த காப்பு 16 கிராமுக்குக் குறைவாகவே நிற்கும். கடைக்காரர் தராசை உங்கள் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். இப்படி வரும் தொகையிலிருந்து அந்தச் சீட்டின் முதலையும் இன்றுவரையான வட்டியையும் கழித்தால் கையில் மிஞ்சுவது தெரியும். மீட்பதற்கான காசை நம்பிக்கையான ஒருவரிடம் கைமாற்றாக வாங்கி, விற்றதும் அன்று பின்னேரமே திருப்பிக் கொடுங்கள். அடகு நகையை மீட்டு உயர்ந்த விலைக்கு வாங்குவோம் என்று விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போனாலும் சீட்டை மட்டும் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். நீங்களே கவுண்டரில் நின்று நகையை வாங்குங்கள்.

மிஞ்சிய காசை இரண்டாவது அடகுச்சீட்டின் முதல் தொகைக்குக் கட்டுங்கள். பல வங்கிகள் பகுதி பகுதியாகக் கட்ட விடும், கேட்டுப் பாருங்கள். தங்கம் ஏறியிருப்பதால் இன்னும் கூடக் காசு எடுக்கலாமே என்று அங்கேயே சொல்லக்கூடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அப்புறம் ஏலச் சீட்டு. எடுக்காத சீட்டு சேமிப்பு, எடுத்த சீட்டு கடன். உங்களுடையது இன்னும் சேமிப்பாக இருக்கிறது, அதுவரை நல்லது. ஆனால் 28 வீதக் கடனை வைத்துக்கொண்டு கடைசி மாதம் வரை காத்திருப்பதில் பொருள் இல்லை. இப்போது 12,000 கழிவில், அதாவது மொத்தம் 120,000இல் 12,000ஐ விட்டுக்கொடுத்து எடுத்தால் 108,000 கிடைக்கும். அதைக் கார்டில் கட்டினால் ஆறு மாதத்தில் மிச்சமாகும் வட்டி 15,000க்குச் சற்று மேல். ஆகவே 12,000க்குள் கழிவு வந்தால் எடுங்கள். போட்டி ஏறினால் விட்டுவிட்டு அடுத்த மாதம் பாருங்கள். இந்தச் சீட்டு முடியும்வரை புதுச் சீட்டு எதிலும் சேராதீர்கள்.

108,000ஐக் கட்டியதும் வங்கிக்குப் போய், மிச்ச நிலுவையைக் குறைந்த வட்டியில் நிலையான தவணைக் கடனாக மாற்றித் தரக் கேளுங்கள். பல வங்கிகளில் இதற்கு ஏற்பாடு இருக்கிறது. தவணை தவறாமல் கட்டும்போதே கேட்க வேண்டும், தவறிய பிறகு கேட்டால் மரியாதை குறைந்துவிடும். தவறியது கடன் தகவல் பணியகத்தில், அதாவது எல்லோரும் கிரிப் என்று சொல்லும் இடத்தில், பதிவாகும். நாளைக்கு ஒரு வீட்டுக் கடன் கேட்டால் அதுதான் முன்னால் வந்து நிற்கும். உங்கள் சொந்த அறிக்கையை நீங்களே பெற்றுப் பார்க்கவும் முடியும். வங்கி முறையாகப் பதில் தரவில்லை என்றாலோ, காசு அறவிட வருபவர்கள் மரியாதையில்லாமல் நடந்தாலோ, மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள். எந்த நிலையிலும் நூற்றுக்கு ஐந்து வட்டிக்குத் தருபவரிடம் போய்விட வேண்டாம். அந்த ஐந்து ஒரு மாதத்துக்கு, வருடத்தில் 60 ஆகிவிடும்.

அன்றாடச் செலவுக்கு ஒரே ஒரு மாற்றம் போதும். சனிக்கிழமை காலையில் ஒரு வாரத்துக்கான காசை எடுத்து ஒரு கவரில் போட்டு, அதற்குள் கடையும் போக்குவரத்தும் நடக்கட்டும். கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். உங்கள் கணவரின் வேலை கோட்டையில், 100ஆம் இலக்க பஸ் காலி வீதியில் உங்கள் சந்தியிலேயே நிற்கும். மழைக்கும் அவசரத்துக்கும் மட்டும் பிக்மீ வாடகை வண்டி இருக்கட்டும். மூத்த பிள்ளை அடுத்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறது, டியூஷன் காசில் கைவைக்காதீர்கள். கொழும்பில் நம்மவர்களுக்கு வரும் பெரிய சோதனை கல்யாணமும் சாமத்தியவீடும். எந்த ஹோலில் நடந்தாலும் கவரில் வைக்கும் தொகை இவ்வளவுதான் என்று இருவரும் இப்போதே பேசி முடிவெடுங்கள். அலுமாரியில் பெட்டி பிரிக்காமல் இருக்கும் தேநீர்க் கோப்பைச் செட்டுகளும் அன்பளிப்பாகப் போகலாம். அவையும் அப்படி வந்தவைதானே.

மாமியின் விஷயம். அவருடைய ட்ரங்குப் பெட்டியைத் தொடாதீர்கள். ஊரை விட்டு வந்தவர்கள் ஒரு பெட்டியோடு வந்திருக்கிறார்கள், அதற்குள் இருப்பதற்குக் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு இல்லை. உங்கள் சொந்தச் சேலை அலுமாரியிலிருந்து தொடங்குங்கள். குசினித் தட்டை அவரையே முன்னால் வைத்து, எதை முதலில் சமைத்து முடிப்பது என்று கேட்டு ஒதுக்குங்கள். அதில் அவருக்கு உங்களை விட அனுபவம் அதிகம். வெளிநாடு போன உறவினர்கள் வைத்துவிட்டுப் போன நான்கு பெட்டிகளுக்கு மட்டும் தயவு பார்க்க வேண்டாம். திறந்து படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, இந்த மாதக் கடைசிக்குள் யாராவது வந்து எடுக்கட்டும் என்று எழுதுங்கள். 70,000 வாடகை கட்டும் இரண்டு அறையில் பிள்ளை படிக்க ஒரு மேசை போட இடம் வேண்டும்.

மைத்துனரின் 200,000க்கு வட்டி இல்லை, அதனால் வரிசையில் அது கடைசி. ஆனால் அவரிடம் பேசாமல் இருப்பதுதான் உங்களை ஆக வருத்துகிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. சலவை இயந்திரத்தின் தவணை முடிந்ததும் மாதம் 11,500 விடுபடும். அதில் 6,500 கார்டுக்கு, 5,000 அவருக்கு. எந்த மாதம் தொடங்கும் என்ற திகதியோடு இதைக் கணவர் அவருக்கு இந்த வாரமே போனில் சொல்லட்டும்.