ரேடார் டிடெக்டர் வாங்கினால் நெடுஞ்சாலை அபராதத்திலிருந்து தப்ப முடியுமா?

கேள்வி: மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை திருநெல்வேலிக்குக் காரில் போய் வருகிறேன். அதிவேகத்துக்காக இரண்டு முறை அபராதம் வந்துவிட்டது. காவலர்கள் வேகத்தை அளக்க வீசும் அலையை முன்பே உணர்ந்து எச்சரிக்கும் என்று இணையத்தில் விற்கும் ரேடார் டிடெக்டரை வாங்கிப் பொருத்தினால் பயன்படுமா?

பயன்படாது. அந்தக் கருவியை ஒரு மாதம் காரில் வைத்து ஓட்டிப் பார்த்தவன் நான். மதுரைக்கு வெளியே ஒரு பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் பாடம் நடத்துபவனும்கூட. ஆகவே காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் மனைவியின் தம்பி அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவன், அங்கே தன் காரில் வைத்திருந்த டிடெக்டரையும் கையோடு கொண்டுவந்து, "மாமா, இனிமே உங்களுக்கு ஃபைனே வராது" என்று சொல்லி என் காரின் முன்கண்ணாடியில் ஒட்டிவைத்துவிட்டுப் போனான். சீட்டுக்கட்டை விடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி அது. கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள இரண்டு ரப்பர் கிண்ணங்கள், லைட்டர் சாக்கெட்டில் செருக ஒரு சுருள் வயர், எக்ஸ், கே, கேஏ என்று அலைவரிசைக்கு ஒன்றாக எரியும் சிறு விளக்குகள்.

அந்தப் பெட்டி அமெரிக்காவில் பயன்பட்டதற்கு ஓர் இயற்பியல் காரணம் உண்டு. அங்கே காவலர்கள் வேகத்தை அளக்க நெடுங்காலமாகப் பயன்படுத்திவருவது ரேடியோ அலையை வீசும் ரேடார் துப்பாக்கி. எக்ஸ் அலைவரிசை 10.525 கிகாஹெர்ட்ஸ், கே அலைவரிசை 24.15 கிகாஹெர்ட்ஸ், கேஏ அலைவரிசை 33.4 முதல் 36 கிகாஹெர்ட்ஸ் வரை. ஓடிவரும் காரில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சிறிது மாறியிருக்கும். இயற்பியலாளர் டாப்ளர் 1842-இல் சொன்ன விளைவுதான் இது. கே அலைவரிசையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஏறத்தாழ 4,470 ஹெர்ட்ஸ் வேறுபாட்டை உண்டாக்கும். துப்பாக்கி அதை வேகமாகக் கணக்கிட்டுக் காட்டும்.

இனி, ஒத்தக்கடைப் பக்கம் வயல்வெளியில் நின்று யானைமலையை நோக்கி உரக்கக் கத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். மலையில் பட்டுத் திரும்பும் எதிரொலி உங்கள் காதுக்கு மெலிந்துபோய்த்தான் வந்து சேரும். ஆனால் இடையில் ஆடு மேய்த்துக்கொண்டிருப்பவருக்கு நீங்கள் கத்தியது தெளிவாகவே கேட்டிருக்கும். ரேடார் துப்பாக்கி எதிரொலிக்காகக் காத்திருக்கிறது, அந்த எதிரொலியோ தூரத்தின் நான்காம் அடுக்கில் மெலிகிறது. டிடெக்டர் நேராக வரும் அலையைக் கேட்கிறது, அது இரண்டாம் அடுக்கில்தான் மெலிகிறது. போதாக்குறைக்கு, ரேடார் கற்றை பன்னிரண்டு பாகை அளவுக்கு விரிவதால் 300 மீட்டர் தூரத்தில் அதன் அகலம் 60 மீட்டரைத் தாண்டிவிடும். முன்னால் போகும் லாரி, பாலத்தின் கைப்பிடி, அறிவிப்புப் பலகை என்று எல்லாவற்றிலும் பட்டுச் சிதறும். அந்தச் சிதறலை ஒரு மைலுக்கு முன்பே பிடித்து ஓட்டுநரை எச்சரிப்பதுதான் டிடெக்டரின் வேலை.

நம் ஊரில் ரோந்து வாகனங்களில் இருப்பவை பெரும்பாலும் லேசர் துப்பாக்கிகள். உங்கள் கேள்விக்கான விடை இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது. அவை ஏறத்தாழ 905 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பி, ஒவ்வொரு துடிப்பும் போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கின்றன. 300 மீட்டர் தள்ளியிருக்கும் காருக்குப் போய்த் திரும்ப ஒளிக்கு இரண்டு மைக்ரோ வினாடி போதும். இப்படிப் பல துடிப்புகளை அனுப்பி, தூரம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்று பார்த்து வேகத்தைச் சொல்ல மூன்றில் ஒரு வினாடிக்கு மேல் ஆகாது. அதற்குள் 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒன்பது மீட்டர்தான் நகர்ந்திருக்கும். கற்றையோ 300 மீட்டரில் ஒரு மீட்டர் அகலம்கூட இருக்காது. காவலர் நோக்காடி வழியாக உங்கள் நம்பர் பிளேட்டைக் குறிவைக்கிறார். ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் தகடு அது. முன்கண்ணாடியின் மேல்மூலையில் தொங்கும் பெட்டியை அந்தக் கற்றை தொடாமலே போகலாம். தொட்டுக் கருவி கத்தினாலும், அளவு எடுத்து முடிந்துவிட்டது என்பதைத்தான் அது உங்களுக்குத் தெரிவிக்கிறது.

எனக்கு நடந்ததும் இதுதான். பைபாஸ் ரோட்டில் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவுள்ள கடை ஒவ்வொன்றையும் கடக்கும்போது பெட்டி தவறாமல் கூவியது. ஏனென்றால் அந்தக் கதவுகளின் உணரிகளும் 24 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் இயங்குகின்றன. பக்கவாட்டில் வரும் வண்டியைக் கண்டறியும் ரேடார் வைத்த புதிய கார் ஏதாவது உரசுவதுபோல் கடந்தாலும் கூவியது. ஒரு வாரத்தில் என் காது அந்தச் சத்தத்துக்குப் பழகி, அதைப் பொருட்படுத்துவதையே விட்டுவிட்டது. பிறகு ஒரு ஞாயிறு காலை, கப்பலூர், திருமங்கலம் தாண்டிக் கள்ளிக்குடி அருகே, சாலையோரப் புளியமர நிழலில் வெள்ளை வாகனம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. நான் 112-இல் போய்க்கொண்டிருந்தேன். பெட்டியிலிருந்து ஒரு சிணுங்கல்கூட வரவில்லை; பக்கத்தில் இருந்த என் மனைவிதான், "போலீஸ் வண்டி நிக்குதுங்க" என்றாள். நான் பிரேக்கை அழுத்த, பின்னால் நெருக்கமாக வந்த ஆம்னி பேருந்து ஹாரனை விடாமல் அடித்தபடி விலகிச் சென்றது. அபராதத்தை விட அந்தப் பேருந்தை நினைத்தால்தான் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. 1,000 ரூபாய்க்கான குறுஞ்செய்தி சில நாளில் வந்தது, கட்டிவிட்டேன்.

சட்டத்தைப் பற்றியும் கேட்பீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் இந்தக் கருவியைப் பெயர் சொல்லித் தடுக்கும் பிரிவு இல்லை என்பதைக் காட்டி, தாராளமாக வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். ரேடியோக் கருவிகளை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம் என்ற விதி 1933-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இங்கே உண்டு என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. அமெரிக்காவிலேயே வர்ஜீனியாவிலும் தலைநகர் வாஷிங்டனிலும் டிடெக்டருக்குத் தடை. அது இயங்கும்போது அதன் உள்ளிருந்து கசியும் அலையை மோப்பம் பிடிக்கவே காவலர்களிடம் வேறொரு கருவி உண்டு. ரேடாரைக் குழப்பும் ஜாமர் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். அது உரிமமில்லாமல் ரேடியோ அலையை வீசும் கருவி. நம்பர் பிளேட்டில் பூசும் ஸ்ப்ரேயும் கண்ணாடியில் தொங்கவிடும் பழைய சிடியும் வெறும் அலங்காரம்.

எதிரே வரும் லாரிக்காரர்கள் ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்துக் காட்டும் பழக்கம் இந்தப் பெட்டியை விட நம்பகமானது என்று சொன்னால் என் மைத்துனன் கோபித்துக்கொள்வான், ஆனால் உண்மை அதுதான்.

அளவீட்டின் மீது உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் அதற்கு நேர்வழி உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதியின்படி, அபராதம் விதிக்கப் பயன்படும் மின்னணுக் கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட ஒப்புதல் சான்று இருக்க வேண்டும். கண்காணிக்கப்படும் பகுதியில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு உங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். படமும் அளவும் அதில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அடுத்த முறை குறுஞ்செய்தி வந்தால் உடனே பணம் கட்டாமல் படத்தைத் திறந்து, வண்டி உங்களுடையதுதானா, இடமும் நேரமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: பக்கவாட்டுக் கோணத்தில் நின்று அளந்தால் துப்பாக்கி உண்மை வேகத்தை விடக் குறைத்தே காட்டும். "ஓரத்தில் நின்று அளந்ததால் கூட்டிக் காட்டிவிட்டது" என்ற வாதம் எங்கும் எடுபடாது.

2019 ஜூலை 1-க்குப் பிறகு தயாரான கார் உங்களுடையது என்றால், 80-ஐத் தாண்டும்போது விட்டுவிட்டும் 120-ஐத் தாண்டும்போது விடாமலும் ஒலிக்கும் எச்சரிக்கை அதிலேயே இருக்கிறது. கூகுள் மேப்ஸும் பல இடங்களில் வேக வரம்பையும் கேமராவையும் காட்டுகிறது. டிடெக்டருக்கு வைத்திருக்கும் பணத்தில் நான்கு டயரையும் மாற்றிவிடுங்கள். என் மைத்துனனின் பெட்டி இப்போது எங்கள் ஆய்வகத்தில் மூடியைக் கழற்றிய நிலையில் இருக்கிறது. அதன் உள்ளே கட்டைவிரல் அளவுக்குக் கூம்புபோல் விரிந்திருக்கும் ஹார்ன் ஆன்டெனாவை மாணவர்கள் ஆண்டுதோறும் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.