இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939இல், விமானக் குண்டுவீச்சுக்கு அஞ்சி லண்டனிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்ட தாய்மார்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் திரும்பிவிட்டார்கள்? தங்கவைத்த ஏற்பாட்டில் என்ன பிசகு?

குண்டு விழாததால் திரும்பினார்கள் என்பது பாதிக் காரணம். மீதியை அடுப்படியில் தேட வேண்டும்.

செப்டம்பர் 1 முதல் 3 வரை, பிரிட்டன் நகரங்களிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் பேரை வெளியேற்றினார்கள். அதில் 5 லட்சத்துக்கு மேல் தாய்மாரும் பள்ளி வயது வராத பிள்ளைகளும். நெரிசலில் வந்தவர்களை நின்ற ரயிலில் ஏற்றிவிட்டதால், பள்ளிப் பிள்ளைகளை எதிர்பார்த்திருந்த சில ஊர்களில் கைக்குழந்தைக்காரிகள் போய் இறங்கினார்கள். வீடுகளைக் கணக்கெடுத்ததோ அறைக்கு ஒரு ஆள் என்று. படுக்க இடம் உண்டா என்று பார்த்தார்களே தவிர, இரண்டு குடும்பம் சமைக்க முடியுமா என்று பார்க்கவில்லை.

பணத்திலும் இதே கோளாறு. தனியாக வந்த ஒரு பிள்ளைக்கு வீட்டுக்காரருக்கு வாரம் 10 ஷில்லிங் 6 பென்ஸ்; ஒன்றுக்கு மேல் இருந்தால் தலைக்கு 8 ஷில்லிங் 6 பென்ஸ். சாப்பாடும் இதில் அடக்கம். தாயோடு வந்தால் தாய்க்கு 5, பிள்ளைக்கு 3 ஷில்லிங். அது இடத்துக்கு மட்டும். சாப்பாடு அவள் பாடு. ஆக, முன்பின் தெரியாதவர் வீட்டில் ஒண்டுக்குடித்தனம்: அவர்கள் அடுப்பு ஒழியும்வரை குழந்தைக்குப் பால் காய்ச்ச முடியாது, ஈரத்துணி உலர்த்த இடம் கிடையாது. நகரத்தில் கணவர் தனியாகப் பொங்கித் தின்கிறார். ஒரே சம்பளத்தில் இரண்டு உலை. 1940 ஜனவரிக்குள் சுமார் 9 லட்சம் பேர் திரும்பிவிட்டார்கள். தாய்மார்தான் முதலில் கிளம்பியவர்கள்.

பிறகு சரிசெய்தவற்றில் பயன்பட்டவை எளியவைதான். காலியான பெரிய வீடுகளை எடுத்துத் தாய்-சேய் விடுதியாக்கினார்கள். பொதுச் சமையல், துணி வெளுக்கும் இடம், பகலில் பிள்ளைகளோடு உட்கார ஒரு கூடம், குழந்தைக் காப்பகம். நிறைமாதக்காரர்களுக்கென்று தனிப் பிரசவ இல்லங்கள். இன்று எங்கே இதைச் செய்தாலும் அறைகளை எண்ணுமுன் அடுப்புகளை எண்ணச் சொல்வேன்.

வந்த பிள்ளைகளுக்குப் பேன், சொறி என்று வீட்டுக்காரர்கள் போட்ட சண்டைகளும் தவிர்க்கக்கூடியவையே. கோடை விடுமுறை என்பதால் புறப்படுமுன் பல பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனை நடக்கவில்லை. வீடுகளுக்குப் பிரித்து அனுப்புமுன், இறங்குமிடத்திலேயே தாதி, வெந்நீர், மாற்றுத்துணி மூன்றும் இருக்க வேண்டும். கூடவே ரப்பர் விரிப்பு: தாயைப் பிரிந்த பிள்ளை பயத்தில் படுக்கையை நனைக்கும். அன்று போதிய விரிப்பு இல்லாமல் மெத்தைகள் பாழாயின. ஏச்சு பிள்ளைகளுக்கு விழுந்தது.