துபாயில் தனிக்குடித்தனம்: எல்லையோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பாலக்காடு, இடுக்கி, சித்தூர் மாவட்டத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து துபாய்க்குக் குடிபோகும் தம்பதிகள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

கொழிஞ்சாம்பாறை வாசகி: என் வீடு இங்கே. கல்யாணம் பொள்ளாச்சியில் நடந்து, அங்கேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் ஆகிவிட்டது. வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். விசாவுக்காகச் சான்றிதழை நோர்க்காவில் (வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான கேரள அரசு நிறுவனம்) கொடுத்தால் அட்டெஸ்டேஷன் முத்திரை போட்டுத் தருவார்களா? ஏஜென்ட்டுகள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

சான்றிதழைக் கொடுத்த மாநிலம்தான் முதல் முத்திரையைப் போட வேண்டும். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள், ஆதாரில் எந்த முகவரி இருக்கிறது என்பதெல்லாம் இதில் கணக்கில் வராது. உங்களுடையது தமிழ்நாட்டுச் சான்றிதழ். ஆகவே சென்னைத் தலைமைச் செயலக வழியாகத்தான் போக வேண்டும். நோர்க்கா ரூட்ஸ் கேரள அலுவலகங்கள் கொடுத்த சான்றிதழ்களுக்கு உதவும். எல்லையோரத்தில் கல்யாணம் ஒரு மாநிலத்திலும் காலேஜ் இன்னொரு மாநிலத்திலும் அமைந்துவிடுவது சகஜம். கோயம்புத்தூரில் வாங்கிய பட்டத்துக்கும் இதே விதிதான்.

மாநில முத்திரை ஆனதும் வெளியுறவு அமைச்சகம், அடுத்து இந்தியாவிலுள்ள அமீரகத் தூதரகம், கடைசியாகத் துபாய் போய்ச் சேர்ந்தபின் அங்குள்ள வெளியுறவு அமைச்சகம். இந்த வரிசை மாறக் கூடாது. "அப்போஸ்டில் போட்டால் போதும்" (தூதரகம் போகாமல் வெளியுறவு அமைச்சகத்தோடு முடியும் முத்திரை) என்று யாராவது சொன்னால், அது ஓமன், பஹ்ரைன் போன்ற நாடுகளுக்குச் சரி. அமீரகத்துக்குத் தூதரக முத்திரைதான் வழி.

இரண்டு எச்சரிக்கைகள். சான்றிதழை லேமினேட் செய்துவிடாதீர்கள். முத்திரைகள் அதன் பின்பக்கத்தில்தான் விழும். லேமினேட் செய்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இன்னொன்று பெயர். சான்றிதழில் "க. செல்வி", பாஸ்போர்ட்டில் "செல்வி கந்தசாமி" என்றிருந்தால், முதல் முத்திரைக்குக் கொடுக்கும் முன்பே சார்பதிவாளரிடம் திருத்தி வாங்குங்கள். முத்திரைகள் விழுந்தபின் திருத்தினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டிவரும்.

இன்னும் பதிவே செய்யாதவர்களுக்கு: தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணம் முடிந்து 90 நாளுக்குள் பதிய வேண்டும், கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் கிடைக்கும். கேரளத்தில் 2008-ஆம் ஆண்டு விதிகள் 45 நாள் தருகின்றன. கல்யாணச் சாப்பாட்டுக் கணக்கை முடிக்கும் முன் இதை முடியுங்கள்.

நகரி வாசகர்: என் மனைவியின் பாஸ்போர்ட்டில் "தமிழ்ச்செல்வி" என்று ஒற்றைப் பெயர்தான் இருக்கிறது. சர்நேம் கட்டம் காலி. முதலில் விசிட் விசாவில் அழைத்துப் போகலாமா?

இப்படியே போகாதீர்கள். 2022 நவம்பரிலிருந்து, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட், டூரிஸ்ட் விசாவில் அமீரகம் அனுமதிப்பதில்லை. விமான நிறுவனமே கவுன்டரில் நிறுத்திவிடும். குடியிருப்பு விசாவில்தான் போகப்போகிறார் என்றாலும் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து, தந்தை பெயரை சர்நேமாகச் சேர்த்துக்கொள்வதே நல்லது. ஆந்திர ஆவணங்களில் வீட்டுப் பெயர் முன்னால் வரும், நம் வீடுகளில் அப்பா பெயர் இனிஷியலாக நிற்கும். இரண்டில் எது வேண்டும் என்று ஒருமுறை முடிவு செய்து ஆதார், பாஸ்போர்ட், கல்யாணச் சான்றிதழ் மூன்றிலும் அதையே போடுங்கள். தெலுங்கிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும்போது "தமிழ்" என்ற சொல்லின் ழகரம் ஒவ்வொரு காகிதத்தில் ஒவ்வொரு எழுத்தாக விழுவதையும் கவனியுங்கள்.

குமுளி வாசகர்: மாதம் 6,500 திர்ஹம் சம்பளம். மனைவியை அழைத்துக்கொள்ள வீடு பார்க்கிறேன். முதல் மாதம் கையில் எவ்வளவு இருக்க வேண்டும்? பார்ட்டிஷன் ரூமில் ஆறு மாதம் சமாளிக்கலாமா?

மனைவிக்கு விசா எடுக்க மாதம் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் கம்பெனி தரும் வீடும் இருக்க வேண்டும். அதில் உங்களுக்குத் தடை இல்லை. வீட்டுக்குத்தான் முதலிலேயே மொத்தமாகப் பணம் தேவை.

துபாயில் வாடகையை மாதக் கணக்கில் பேசுவதில்லை. ஆண்டு வாடகையைச் சொல்வார்கள், அதை எத்தனை செக்குகளில் கொடுப்பது என்று பேரம் நடக்கும். ஓர் உதாரணக் கணக்கு: ஆண்டுக்கு 48,000 திர்ஹம், 4 செக். கையெழுத்தின்போது முதல் செக் 12,000. சாமான் இல்லாத வீட்டுக்கு முன்பணம் வழக்கமாக 5 சதவீதம், அதாவது 2,400. ஏஜென்ட் கமிஷன் 5 சதவீதம், இன்னொரு 2,400. அதன்மேல் வரியும் கேட்பார்கள். மின்சாரமும் தண்ணீரும் தரும் தேவாவுக்கு ஃபிளாட்டென்றால் 2,000 முன்பணம். எஜாரி என்னும் வாடகை ஒப்பந்தப் பதிவுக்குச் சுமார் 220. ஆக, ஒரு பாத்திரம்கூட வாங்காமலே 19,000 தாண்டிவிடும்.

பலர் மறந்துவிடுவது நகராட்சியின் வீட்டுக் கட்டணம். ஆண்டு வாடகையில் 5 சதவீதத்தை 12 ஆகப் பிரித்துத் தேவா பில்லிலேயே போட்டுவிடுவார்கள். மேலே சொன்ன வீட்டுக்கு மாதம் 200. முதல் பில்லைப் பார்த்து மீட்டர் பழுது என்று நினைக்க வேண்டாம். ஏசிக்கு "சில்லர் ஃப்ரீ" என்று விளம்பரத்தில் இருந்தால் குளிரூட்டும் செலவு வாடகையோடு சேர்ந்தது என்று பொருள். இல்லையென்றால் குளிரூட்டும் நிறுவனத்துக்குத் தனி முன்பணம், தனி பில். வாடகை 3,000 குறைவு என்று சில்லர் பில் வரும் வீட்டை எடுத்தால், ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த லாபம் கரைந்துபோகும்.

செக் தேதிகளைச் சம்பளம் ஏறும் தேதிக்கு ஐந்து நாள் பின்தள்ளி எழுதுங்கள். சம்பளம் இரண்டு நாள் தாமதமானாலும் செக் திரும்பாது.

பார்ட்டிஷன் வேண்டவே வேண்டாம். அனுமதியின்றி ஹாலைப் பலகையால் தடுத்து வாடகைக்கு விடுவது அங்கே விதிமீறல். சோதனை வந்தால் அன்றே காலி செய்யச் சொல்வார்கள். அதைவிட முக்கியம், மனைவியின் விசாவுக்கு உங்கள் பெயரில் எஜாரி கேட்பார்கள். பார்ட்டிஷனுக்கு அது கிடைக்காது. பட்ஜெட் இடித்தால் ஷார்ஜாவில் பாருங்கள். வாடகை குறையும், காலையில் துபாய் போகும் சாலையில் நேரம் போகும். துபாயிலேயே மெட்ரோவுக்கு நடக்கும் தூரத்தில் ஒரு சிறு ஸ்டூடியோ கிடைத்தால் எங்கள் ஓட்டு அதற்கே.

வண்டிப்பெரியாறு வாசகி: மகளும் மருமகனும் போகிறார்கள். பெட்டியில் எதை வைக்கக் கூடாது?

கசகசா. ஒரு ஸ்பூன்கூட வேண்டாம். அமீரகத்தில் அது போதைப்பொருள் பட்டியலில் வருகிறது. தனிப் பொட்டலம் மட்டுமல்ல, வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் கலந்திருந்தாலும் வம்புதான். முந்திரியும் வெள்ளரி விதையும் அந்தக் கெட்டித்தன்மையைக் கொடுக்கும். வெற்றிலை பாக்கும் வேண்டாம். கொப்பரைத் தேங்காய் தானாகச் சூடேறிப் பற்றக்கூடியது என்பதால் விமானப் பெட்டியில் ஏற்கமாட்டார்கள். ஊறுகாயை நன்றாகச் சுற்றி, ஏற்றிவிடும் பெட்டியில் வைக்கலாம்.

கோடீன் உள்ள இருமல் சிரப், டிரமடால் கலந்த வலி மாத்திரை, தூக்க மாத்திரை ஆகியவற்றுக்கு அமீரகச் சுகாதாரத் துறையின் இணையத்தில் முன் அனுமதி வாங்காமல் எடுத்துப்போகக் கூடாது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு வையுங்கள். டப்பாவில் உதிர்த்துப் போட்டால் எது எதுவென்று அங்கே யாருக்கும் புரியாது.

குப்பம் வாசகி: மிக்ஸியும் டேபிள் டாப் கிரைண்டரும் கொண்டு போகலாமா? போன அக்கா, மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது என்கிறார்.

இரண்டும் ஓடும். அங்கேயும் 50 ஹெர்ட்ஸ், நம்முடையதை ஒட்டிய வோல்டேஜ்தான். சதுரக் கால் மூன்று உள்ள பிளக் மட்டும் வேறு. மலிவு அடாப்டரில் மிக்ஸியைச் செருகாதீர்கள். நம் உருண்டைக் கால் அதில் தளர்வாக நிற்கும், சூடேறிப் பிளாஸ்டிக் உருகும். பிளக்கையே மாற்றுவதுதான் பாதுகாப்பு. பழுப்பு வயர் ஃப்யூஸ் இருக்கும் பக்கம், நீலம் எதிர்ப் பக்கம், பச்சை மஞ்சள் மேலே உள்ள எர்த்துக்கு. ஃப்யூஸ் 3, 5, 13 ஆம்பியரில் கிடைக்கும். 750 வாட் மிக்ஸி 3 ஆம்பியருக்குச் சற்று மேலே இழுக்கும், கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். 3 போட்டால் எரிந்துபோகும். 13 போட்டால் வயர் உருகினாலும் ஃப்யூஸ் போகாது. 5 போடுங்கள். கிரைண்டருக்கு 3 போதும்.

மாவு புளிக்காததற்குக் காரணம் ஏசி. 22, 23 டிகிரி அறையில் எட்டு மணி நேரம் வைத்தாலும் மாவு அசையாது. அதற்கு 30 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். 4 கப் இட்லி அரிசிக்கு 1 கப் உளுந்து, 1 டீஸ்பூன் வெந்தயம். கையால் நன்றாகக் கலந்து, ஓவனை மூட்டாமல் உள்ளே பல்பை மட்டும் எரியவிட்டு, பாத்திரத்தை அதில் வையுங்கள். அடியில் ஒரு தட்டு இருக்கட்டும், பொங்கி வழியும். குளிர் அறையில் உப்பைப் புளித்தபின் போடுவது நல்லது, உப்பு புளிப்பை மட்டுப்படுத்தும். ஜூலையில் எல்லாம் தலைகீழ். ஏசி இல்லாத சமையலறையில் ஐந்து மணி நேரத்தில் மாவு கடுத்துவிடும். அப்போது உப்பை முதலிலேயே போட்டு, பொங்கியதும் ஃப்ரிட்ஜில் தள்ளுங்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கோடையில் சுடும் என்பதால் உளுந்தை ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள்.

மறையூர் வாசகர்: மெட்ரோவில் தம்பதி சேர்ந்து போகலாமா?

தாராளமாக. பெண்களும் குழந்தைகளும் போகும் பெட்டிக்குள் மட்டும் மனைவியோடு ஏறிவிடாதீர்கள். ஆணுக்கு 100 திர்ஹம் அபராதம். பெட்டிக்குள் தின்றாலும் குடித்தாலும் அதே தொகை.

பாலக்காட்டுச் சித்தூர் வாசகி: நான் துபாயில், ஐந்தாம் மாதம். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு வந்து, பிரசவத்தை அம்மா வீட்டில் வைத்துக்கொண்டு, குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் திரும்ப நினைக்கிறோம். விசாவுக்கு ஏதும் ஆகுமா?

தொடர்ந்து 180 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் குடியிருப்பு விசா போய்விடும். அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். 30-ஆம் வாரத்தில் கிளம்பினால் பிரசவத்துக்குள் சுமார் 70 நாள் போய்விடும். மீதி 110 நாள். அதற்குள் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், சான்றிதழின் அட்டெஸ்டேஷன், குழந்தைக்கு விசா, எல்லாம் முடிய வேண்டும். முடியும், ஆனால் பிரசவ வாரத்திலேயே தொடங்கினால்தான். குழந்தையின் பெயரை முன்கூட்டியே முடிவு செய்து பிறப்புப் பதிவிலேயே போட்டுவிடுங்கள். பெயரில்லாச் சான்றிதழை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டுக்குப் போனால் நாள் ஓடும்.

ஆஸ்பத்திரி எங்கே என்பதும் முக்கியம். உங்கள் ஊருக்குக் கோயம்புத்தூரும் பக்கம்தான். அங்கே பிரசவமானால் பிறப்புச் சான்றிதழ் தமிழ்நாட்டுடையது, அட்டெஸ்டேஷனுக்குச் சென்னைதான். பாலக்காட்டில் என்றால் நோர்க்கா. இரண்டில் எது என்று இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். விமானத்தைப் பொறுத்தவரை, 28 வாரத்துக்குப் பிறகு மருத்துவர் கடிதம் கேட்பது வழக்கம். நிறுவனத்துக்கு நிறுவனம் வார வரம்பு மாறும், டிக்கெட் எடுக்கும் முன் கேளுங்கள்.

அங்கேயே பிரசவம் வைத்துக்கொள்வதானால் இன்ஷூரன்ஸில் மகப்பேறுக்குக் காத்திருப்புக் காலம் உண்டா, உங்கள் பங்கு எவ்வளவு என்று இந்த வாரமே எழுத்தில் வாங்குங்கள். பிறந்த குழந்தைக்கு 120 நாளுக்குள் விசா எடுக்க வேண்டும். இந்தியத் துணைத் தூதரகத்தில் ஓராண்டுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பாஸ்போர்ட் வாங்கினால்தான் விசா என்பதால் முதலில் போக வேண்டிய இடம் துணைத் தூதரகம்.