பதில்: -765° ஏன் 45° ஆகாது?

வணக்கம் அக்கா. கிரேடு 11 படிக்கும் மகள் -765°-ஐ 0°-க்கும் 360°-க்கும் இடையே கொண்டுவந்தபோது 45° வந்தது, விடைப்பக்கத்தில் 315° இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். விடைப்பக்கம்தான் சரி. 765-ஐ 360-ஆல் வகுத்து மீதி 45 எடுத்தவள், கழித்தல் குறியை வழியில் விட்டுவிட்டாள்.

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறீர்கள், கோயிலையே வைத்துச் சொல்கிறேன். கிழக்குப் பார்த்த கோயில், கொடிமரத்தடிதான் 0°. நாம் வலம் வருவது கடிகாரம் சுற்றும் பக்கம். கணக்கிலோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் கூட்டல். ஆக, நம் பிரதட்சிணம் முழுக்கக் கழித்தல் கோணம்! (டர்பன் சாலை வட்டங்களில் கார் சுற்றுவதும் அப்படியே.) -765° என்றால் முழுதாய் இரண்டு சுற்று, அப்புறம் இன்னும் 45° தெற்கு நோக்கி. நிற்பது அக்னி மூலையில். எதிர்ப்பக்கமாக அளந்தால் அதே மூலை 315°. மகள் போய் நின்றதோ ஈசானிய மூலை.

காகிதத்தில் செய்யும்போது, விடை கழித்தலாக இருக்கும்வரை 360 கூட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள்: -405, -45, 315.

கால்குலேட்டரில் காஸ் (cos) மட்டும் போட்டுப் பார்த்திருந்தால் தவறு தெரிந்திருக்காது, இரண்டு மூலைக்கும் காஸ் ஒன்றுதான். சைன் (sin) போடட்டும், 45°-க்கு 0.707, -765°-க்கு -0.707.