காமா கதிரும் டிடெக்டரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சீசியம்-137 தருவது 662 கேஇவி (கிலோ எலக்ட்ரான் வோல்ட், ஆற்றலின் அலகு) காமா ஒன்றுதானே? ஆனால் எங்கள் சோடியம் அயோடைடு டிடெக்டரில் பெரும்பாலான எண்ணிக்கைகள் அதற்குக் கீழேயே விழுகின்றன. மூலத்தில் வேறு ஏதாவது கலந்திருக்குமா?

மூலம் சரியாகத்தான் இருக்கிறது. டிடெக்டர் காமாவை நேரடியாக அளப்பதில்லை. டிடெக்டரின் படிகத்துக்குள் அது தட்டிவிடும் எலக்ட்ரான் எவ்வளவு ஆற்றலை அங்கே விட்டுவிடுகிறது என்பதைத்தான் அளக்கிறது. ஒளிமின் விளைவு, அதாவது காமா முழுவதுமாக உறிஞ்சப்பட்டு ஓர் எலக்ட்ரான் வெளியேறுவது, நடந்தால் அநேகமாக முழு ஆற்றலும் படிகத்திலேயே தங்கிவிடும். காம்ப்டன் சிதறலில் ஒரு பங்கு மட்டும் எலக்ட்ரானுக்குப் போகிறது. மீதியோடு காமா திசைமாறிப் படிகத்தைவிட்டு வெளியேறினால், அந்த மீதி கணக்கில் வராது.

காமா வந்த வழியே திரும்பும்போதுதான் எலக்ட்ரானுக்கு அதிகம் கிடைக்கும்: 477 கேஇவி. நிறமாலை (எந்த ஆற்றலில் எத்தனை எண்ணிக்கை என்று காட்டும் வரைபடம்) அங்கே சட்டென்று சரிவது அதனால்தான். அப்புறம், 184 கேஇவி பக்கத்தில் ஒரு மேடு தெரியும். மேசையிலும் சுவரிலும் மோதிப் பின்னோக்கிச் சிதறிய காமாக்கள் டிடெக்டருக்குள் வந்து சேர்வதால் உண்டாவது அது. மூலத்துக்குப் பின்னால் தடிமனான அலுமினியக் கட்டி ஒன்றை வையுங்கள், மேடு உயரும். இந்தச் சோதனையை ஒவ்வொரு மாணவரும் தன் கையாலேயே செய்து பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 662 உச்சி முழுவதும் ஒளிமின் விளைவால் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். முதலில் காம்ப்டன் முறையில் சிதறி, பிறகு அதே படிகத்துக்குள் உறிஞ்சப்பட்ட காமாக்களும் அந்த உச்சியில்தான் சேர்கின்றன. எல்லாமே சில நானோ நொடிகளுக்குள் முடிந்துவிடுவதால் டிடெக்டருக்கு அது ஒரே துடிப்பு. பெரிய படிகத்தில் உச்சியின் பங்கு கூடுவதற்குக் காரணமும் இதுவே.

கேள்வி: மணவாளக்குறிச்சியின் மோனசைட் (தோரியம் கலந்த கனிமம்) மணலை ஜெர்மானியம் டிடெக்டரில் அளந்தோம். 2614 கேஇவி தாலியம்-208 என்று தெரிந்தது. 2103, 1592 ஆகியவை எந்தத் தனிமம்?

எந்தத் தனிமமும் இல்லை, அட்டவணையில் தேடாதீர்கள். காமாவின் ஆற்றல் 1022 கேஇவியைத் தாண்டினால் அணுக்கருவின் அருகே அது எலக்ட்ரானும் அதன் நேர்மின் எதிர்த்துகளான பாசிட்ரானும் கொண்ட இணையாக மாறலாம். பாசிட்ரான் ஓய்ந்ததும் ஓர் எலக்ட்ரானோடு சேர்ந்து அழிந்து, இரண்டு 511 கேஇவி காமாக்களைத் தரும். அவற்றில் ஒன்று தப்பினால் 2103, இரண்டுமே தப்பினால் 1592.

2103 உச்சி பக்கத்துக் கோடுகளைவிடச் சற்று அகலமாக இருப்பதையும் கவனியுங்கள். தோரியம் படிப்படியாகச் சிதையும் வரிசையிலேயே ஆக்டினியம்-228க்கு 1588இல் ஒரு கோடு உண்டு. 1592ஐ அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஈயக் கவசத்துக்குள் வைத்த பிறகு 75 கேஇவியில் புதிதாக ஒரு உச்சி ஏன்?

ஈயத்தின் எக்ஸ் கதிர். காமா ஈய அணுவின் உள்கூட்டு எலக்ட்ரானை வெளியேற்றியதும், அந்த இடம் நிரம்பும்போது வருகிறது. கவசத்தின் உட்புறம் வெள்ளீயத் தகடும், அதன்மேல் செம்புத் தகடும் பதித்தால் அடங்கிவிடும்.

கேள்வி: கதிர்வீச்சை எண்ணும் கைகர் கருவியால் காமாவின் ஆற்றலைச் சொல்ல முடியுமா?

முடியாது. எந்தக் காமா வந்தாலும் துடிப்பு ஒரே அளவுதான்.

கேள்வி: கல்லூரிக்கு ஒரே டிடெக்டர் வாங்க முடியும். சோடியம் அயோடைடா, ஜெர்மானியமா?

662இல் சோடியம் அயோடைடின் உச்சி 45 கேஇவிக்கு மேல் அகலம். ஜெர்மானியத்தில் ஒன்றரை கேஇவி அளவுதான். கலவையான மாதிரியைப் பிரித்தறிய ஜெர்மானியத்துக்கு ஈடில்லை. ஆனால் அதற்கு திரவ நைட்ரஜனோ மின்குளிரூட்டியோ வேண்டும், விலையும் மிக அதிகம். அயோடினின் அணு எண் 53, ஜெர்மானியத்துக்கு 32. அணு எண் ஏற ஏற ஒளிமின் விளைவு வெகுவேகமாகப் பெருகும். ஆகவே ஒரே அளவுப் படிகத்தில் சோடியம் அயோடைடு நன்றாகவே பிடிக்கும். மாணவர்கள் தினமும் கையாளும் ஆய்வகம் என்றால் நான் தயங்காமல் சோடியம் அயோடைடையே வாங்கச் சொல்வேன். ஈரம் பட்டால் படிகம் கெட்டுவிடும். அதன் உறையில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.