நம்மைத் தோற்கடிக்க ஆள் வேண்டும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறோம். மகன் ஒன்பதாம் வகுப்பு. காலையில் காந்தி ஸ்டேடியத்துக்கு ஃபுட்பால் ஆடப் போகிறான். போன வாரம் என்னிடம் ஒன்று கேட்டான். 2022 வரை 22 உலகக் கோப்பைகள் நடந்திருக்கின்றன, ஜெயித்தது எட்டே நாடுகள். அதில் உருகுவே என்ற நாட்டில் ஏறக்குறைய 35 லட்சம் பேர்தானாம். 140 கோடிப் பேர் இருக்கிற நாம் ஏன் ஒருமுறைகூட அங்கே ஆடியதில்லை என்றான். “நம்ம உடம்பு வாகு அப்படி, நமக்கெல்லாம் கிரிக்கெட்தான்” என்று சொல்லி முடித்துவிட்டேன். சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. அவனுக்கு என்ன சொல்லட்டும்?

க., அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள க.,

உடம்பு வாகு என்று சொன்னதை முதலில் அவனிடம் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பையன் உருகுவேயைப் பிடித்தது ரொம்பச் சரி. 2011 கணக்கெடுப்பில் நம் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 34.8 லட்சம். ஆத்தூர், ஓமலூர், மேட்டூர், எடப்பாடி, ஏற்காடு எல்லாம் சேர்த்து. அவ்வளவுதான் அந்த நாடு. 1930-இல் முதல் உலகக் கோப்பையை வாங்கியபோது அங்கே 20 லட்சம் பேர்கூட இல்லை. ஆகவே தலைக்கணக்கை விட்டுவிடலாம். அவர்களிடம் வேறொன்று இருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் அர்ஜென்டினா.

இக்கரையில் மாண்டிவிடியோ, அக்கரையில் பியூனஸ் அயர்ஸ். தென் அமெரிக்கக் கோப்பை 1916-இலேயே தொடங்கிவிட்டது. அதிலும் அதற்கு வெளியிலும் இருவரும் மோதிக்கொண்டே இருந்தார்கள். 1928 ஒலிம்பிக் ஃபைனலிலும் இவர்களேதான். முதல் ஆட்டம் 1-1, மறுபடி ஆடி உருகுவே 2-1. இரண்டு வருடம் கழித்து உலகக் கோப்பை ஃபைனலிலும் இவர்களே. யாருடைய பந்தில் ஆடுவது என்று தகராறு. கடைசியில் முதல் பாதி அர்ஜென்டினா பந்து, இரண்டாம் பாதி உருகுவே பந்து. பாதி முடிவில் அர்ஜென்டினா 2-1 முன்னணி. முடிவில் உருகுவே 4-2.

1950 உலகக் கோப்பையில், பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் நடந்ததை எல்லோரும் அதிசயம் என்பார்கள். டிரா செய்தாலே கோப்பை என்ற நிலையில் இருந்த பிரேசிலை, அதன் சொந்த மைதானத்தில், உருகுவே 2-1 என்று வென்றது. எனக்கு அது அதிசயமாகத் தெரிவதில்லை. அதே வருடம் மே மாதம் இந்த இரண்டு அணிகளும் மூன்று ஆட்டங்கள் ஆடியிருந்தன. ஒன்றில் உருகுவே 4-3 என்று ஜெயித்தது, மற்ற இரண்டிலும் ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்றது. பிரேசிலின் பின்வரிசை எங்கே ஆடிப்போகும் என்று தெரிந்துகொண்டுதான் அவர்கள் அந்த ஜூலையில் இறங்கினார்கள்.

நம்மைத் தோற்கடிக்கிற ஆளோடு மறுபடி மறுபடி மோதினால்தான் ஆட்டம் வளரும். இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது புத்தகம் இல்லை, காப்பிக் களம். நான் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவன். மாசி பிறந்ததும் காப்பி காய்ந்து மூட்டையாகி, சிமெண்ட் களம் காலியாகும். அதுதான் எங்கள் மைதானம். களத்தின் ஓரத்தில் ஒரு ஆள் உயரச் சரிவு, கீழே காப்பிச் செடிகள், அதற்கும் கீழே சில்வர் ஓக். பந்தைக் கீழே விட்டவன்தான் போய் எடுத்து வர வேண்டும். அட்டை ஏறிய காலோடு மேலே வருவான். அதனால் ஓங்கி உதைக்கவே மாட்டோம். பந்து வந்ததும் காலடியில் அமுக்கி நிறுத்துவோம், பக்கத்தில் நிற்பவனுக்குத் தட்டுவோம். அந்த மலையிலேயே நாங்கள்தான் பெரிய டீம் என்று நினைத்திருந்தோம். அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, அடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டிப் பையன்களோடு சமதரையில் ஆடினோம். 7-0 என்று தோற்றோம். பந்தை நீளமாகப் போட்டுவிட்டு ஓடுகிறவனை எங்கள் வாழ்க்கையில் நாங்கள் பார்த்ததே இல்லை. அடுத்த வருடம் 3-1. அதற்கடுத்த வருடம் 2-2. நடுவில் எங்களுக்கு யாரும் எதுவும் கற்றுத்தரவில்லை.

1954-இல் மேற்கு ஜெர்மனி முதல் சுற்றில் ஹங்கேரியிடம் 8-3 என்று தோற்றது. ஃபைனலில் அதே ஹங்கேரியை 3-2 என்று வென்றது. 2011 பெண்கள் உலகக் கோப்பை ஃபைனல் வரை ஜப்பான் அமெரிக்காவை ஒருமுறைகூட வென்றதில்லை. அன்று பெனால்டியில் வென்றது.

இப்போது நம் கதை. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று அடித்தது. நம்மவர்களில் பலர் வெறுங்கால். 1956 மெல்போர்னில் செமி ஃபைனலில் மறுபடியும் அதே யூகோஸ்லாவியா. இந்த முறை முதல் கோல் நம்முடையது! 4-1 என்று தோற்றோம்தான், ஆனால் நான்கே வருடத்தில் 10-1 அங்கே வந்து நின்றது. பயிற்சியாளர் ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டமே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. தலையில் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங்கை, பின்வரிசைக்காரரை, ரஹீம் முன்னால் நிறுத்தினார். ஃபைனலில் எதிரே அதே தென் கொரியா. கூட்டம் முழுக்க நமக்கு எதிர். கோலில் பீட்டர் தங்கராஜ். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று, 2-1, தங்கம். ரஹீமுக்கு அப்போதே புற்றுநோய். அடுத்த வருடம் போய்விட்டார். இதை எழுதும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

உங்கள் பையனிடம் அந்தப் பதினொரு பேரின் உடம்பு வாகைப் பற்றிச் சொல்லுங்கள். நம்மைப் போன்ற வாகுதான்.

பிறகு என்ன ஆயிற்று? கொரியா 1983-இலும் ஜப்பான் 1993-இலும் தொழில்முறை லீக் தொடங்கின. சரிசமமான ஆளோடு வாராவாரம் மோதுவதற்கு ஓர் ஏற்பாடு. நமக்கு தேசிய லீக் என்று ஒன்று வந்ததே 1996-இல். அதற்குள் ஒரு தலைமுறை ஆடி ஓய்ந்துவிட்டது. கிரிக்கெட் தின்றுவிட்டது என்கிற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஜப்பானில் கிரிக்கெட் இடத்தில் பேஸ்பால் இல்லையா?

சரி, பையனிடம் ஒன்று கேளுங்கள். கடைசியாக யாரிடம் தோற்றான்? அவர்களோடு மறுபடி எப்போது ஆட்டம்? அப்படி யாரும் இல்லை என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டாளிகளையும் மேலே அழைத்து வாருங்கள். எங்கள் எஸ்டேட் பிள்ளைகளுக்கு இப்போது புல் தரையே இருக்கிறது. காலை எட்டு மணி வரை பனி விலகாது, புல் ஈரமாக இருக்கும். ஸ்டட் வைத்த ஷூ எடுத்து வரச் சொல்லுங்கள்.